ஐடா ஸ்கடர்: மெடிக்கல் காலேஜுக்கு முன்பே நர்ஸிங் ஸ்கூல் தொடங்கிய டாக்டர்... நமக்கு ஏன் பாதிக் கதைதான் தெரியும்?

லால்பேட்டையில் ஒருத்தர் உடம்பு சரியில்லாமல் சிதம்பரம் போய், பத்து நாள் பெட்டில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: எந்த டாக்டர் பார்த்தாரு? கைராசிக்காரரா? எவ்வளவு ஃபீஸ் வாங்கினாரு? அந்தப் பத்து நாளும் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து பி.பி. பார்த்தது, டிரிப் மாற்றியது, காயத்துக்குக் கட்டுப் போட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் தெரியாது. 'ஒரு சிஸ்டர்' என்பதோடு முடிந்துவிடும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இதைப் புரிந்துகொள்ள நர்ஸ் ஒருவரின் கதையைவிட ஒரு டாக்டரின் கதைதான் அதிகம் உதவும். அந்த டாக்டர், ஐடா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918-ல். அதற்கு 9 ஆண்டுகள் முன்பே, 1909-ல், அவர் மருத்துவமனையில் நர்ஸிங் பள்ளி தொடங்கிவிட்டது. முதலில் வந்தது நமக்கு நினைவில் இல்லை, பின்னால் வந்ததுதான் நினைவில் இருக்கிறது. விஷயமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

யார் இந்த ஐடா?

1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்கக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர், 1819-ல் கப்பலேறி இலங்கைக்கு வந்த மிஷனரி டாக்டர். யாழ்ப்பாணத்தில் வேலை செய்துவிட்டுப் பிறகு சென்னைக்கு வந்தார். அப்பாவின் பெயரும் ஜான், அவரும் டாக்டர்தான். அம்மா சோஃபியா. வீட்டில் ஐடா ஒரே பெண், மற்றதெல்லாம் அண்ணன்கள். ஸ்கடர் குடும்பத்தில் டாக்டர், மிஷனரி என்பது கிட்டத்தட்ட குலத்தொழில் மாதிரி. அந்தக் குலத்தொழில் மேல் ஐடாவுக்குத் துளியும் ஆசை கிடையாது.

காரணம் இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். அப்போது ஐடா சின்னக் குழந்தை. பசியில் சுருண்டு கிடந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த ஞாபகம் அவரை விடவே இல்லை. பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. அப்பாவும் பின்னாலேயே அம்மாவும் இந்தியா திரும்பிவிட, ஐடா சொந்தக்காரர்கள் வீட்டில் வளர்ந்தார். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார். அங்கேயே வாழ்க்கையை அமைத்துக்கொள்வதுதான் திட்டம்.

1890-ல் திண்டிவனத்திலிருந்து தகவல் வந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஐடா கிளம்பி வந்தார். அதாவது அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது வைத்தியம் பார்க்க இல்லை, படுத்திருக்கும் அம்மாவைக் கவனித்துக்கொள்ள. வீட்டுப் பெண் செய்வதால் அந்த வேலைக்குப் பேரும் கிடையாது, சம்பளமும் கிடையாது. அம்மா தேறியதும் திரும்பிப் போய்விடலாம் என்ற நினைப்பில்தான் இருந்தார்.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

இது பலருக்கும் தெரிந்த கதை, ஆனாலும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். 1890-களின் தொடக்கம். ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக ஸ்கடர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வேதனை, நிலைமை மோசம். ஐடா அப்பாவைக் கைகாட்டினார். மூன்று பேருமே வேண்டாம் என்றார்கள். ஆம்பளை டாக்டர் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அவர்கள் போய்விட்டார்கள். காலையில் சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

லால்பேட்டைக்காரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். திண்டிவனம் அப்போது தென்னாற்காடு மாவட்டம், மாவட்டத் தலைநகரம் கடலூர். வீராணம் ஏரிக்கரையில் இருக்கும் லால்பேட்டையும் அதே தென்னாற்காடுதான். 1993-ல்தான் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஆக, அந்த ராத்திரி நடந்தது எங்கோ தூர தேசத்தில் இல்லை, நம்ம பழைய மாவட்டத்திலேயேதான். கோஷா வழக்கம் ஒரு மதத்தோடு நிற்கவும் இல்லை, மூன்று வீட்டிலும் அதே பதில்தான் வந்தது.

இந்தக் கதையை வழக்கமாக 'பெண் டாக்டர் இல்லாததால் மூன்று உயிர் போனது' என்று சொல்லி முடிப்பார்கள். அது சரிதான். ஆனால் பாதிதான் சரி. அந்த மூன்று ஆண்களும் கேட்டது ஒரு பட்டத்தை இல்லை, பிரசவ அறைக்குள் வரக்கூடிய, விவரம் தெரிந்த ஒரு பெண்ணை. முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவச்சியோ நர்ஸோ இருந்திருந்தால் மூன்று பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சில சிக்கல்களுக்கு ஆபரேஷன்தான் வழி. ஆனால் அப்படி ஒரு ஆள் அந்த ஊரில் இருந்திருந்தால் நிலைமை அவ்வளவு முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐடா டாக்டர் ஆனதோடு நிற்காமல் நர்ஸ்களைத் தயார் செய்ய இறங்கியதைப் பார்த்தால், அவருக்கு இந்த இரண்டாவது பாதியும் புரிந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

பட்லர் மனைவிதான் முதல் உதவியாள்

1895-ல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் வாங்கினார். புறப்படும் முன் பெண்கள் மருத்துவமனைக்கு நிதி திரட்டச் சொன்னார்கள். ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் ஒரே ஆளாகக் கொடுத்தார். 1900 தொடக்கத்தில் ஐடா வேலூருக்கு வந்தார். அப்பாவிடம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார்.

அதன் பிறகு நடந்தது முக்கியம். நோயாளிகள் வரவில்லை. அப்பாவிடம் வந்தவர்கள் பொண்ணிடம் வரத் தயங்கினார்கள். டாக்டர் என்றால் தானாகவே மரியாதை வந்துவிடும் என்று நினைக்கிறோம் இல்லையா? பெண்ணாக இருந்தால் அதுவும் தானாக வராது. பங்களாவில் ஒரு சின்ன அறையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்துத்தான் அந்த நம்பிக்கையை ஐடா சம்பாதித்தார்.

அப்போது அவருக்குக் கூட நின்று உதவியது யார் தெரியுமா? பட்லரின் மனைவி. பெயர் சாலமி. ஐடாவின் முதல் பெரிய ஆபரேஷனில் பக்கத்தில் நின்றது அவர்தான். நர்ஸிங் படித்தவர் இல்லை, செய்து செய்தே கற்றுக்கொண்டவர். வேலூரின் நர்ஸிங் கதையை எழுதினால், ஒரு வகையில் சாலமியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

1902-ல் ஷெல் கொடுத்த பணத்தில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 40 படுக்கைகள், ஒரே டாக்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டாக்டர் பகலில் ஆபரேஷன் செய்யலாம், வெளி நோயாளிகளைப் பார்க்கலாம். 40 படுக்கைக்கும் ராத்திரி முழுக்க யார் கண் விழிப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. பென்சிலின் பரவலாகக் கிடைத்ததே 1940-களில்தான். அந்த மருத்துவமனை தொடங்கிய காலத்தில் டைபாய்டுக்கோ நிமோனியாவுக்கோ நேரடியாகக் குணப்படுத்தும் மாத்திரை கிடையாது. ஜுரத்தை மணிக்கொரு தரம் அளப்பது, உடம்பைத் துடைத்துவிடுவது, தண்ணீரும் கஞ்சியும் நேரத்துக்குக் கொடுப்பது, புண்ணைச் சுத்தமாக வைத்திருப்பது. இவையெல்லாம் வைத்தியத்துக்குத் துணை வேலைகள் இல்லை, பெரும்பாலும் அவைதான் வைத்தியமே. ஆபரேஷன் எவ்வளவு நன்றாக நடந்தாலும், கட்டுப் போடும் கை சுத்தமாக இல்லாவிட்டால் நோயாளி பிழைக்க மாட்டார். அந்தக் காலத்தில் நர்ஸ் என்பவர் அந்த அளவுக்கு முக்கியம்.

'மருத்துவர்' உயர்ந்தது, 'மருத்துவச்சி' உயரவில்லை

முக்கியமானவர் என்றால் மதிப்பும் இருந்திருக்க வேண்டுமே? இருக்கவில்லை. இதற்கு நம் ஊரில் சொந்தக் காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் போட முடியாது.

ரத்தம், சீழ், மலம், மூத்திரம். இதையெல்லாம் தொடும் வேலை தீட்டு என்று ஒதுக்கப்பட்டது. ஊரில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். பிரசவத்துக்கு அவர்கள் வேண்டும், பிரசவம் முடிந்ததும் வீட்டைக் கழுவ வேண்டும். தமிழ் வார்த்தைகளிலேயே இந்தக் கதை பதிந்து கிடக்கிறது. அந்தச் சமூகத்துக்கே மருத்துவர் என்று ஒரு பெயர் உண்டு. பின்னாளில் எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு 'மருத்துவர்' மரியாதைச் சொல்லாக ஆனது. அதே வேர்ச்சொல்லில் பிறந்த 'மருத்துவச்சி' நாட்டுப்புறத்து ஆள் என்ற அர்த்தத்திலேயே நின்றுவிட்டது. ஒரே வேர், ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை.

'செவிலியர்' என்ற சொல்லுக்கோ நல்ல பூர்வீகம். சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்க்கும் செவிலித்தாய் வீட்டில் மதிப்பான ஆள். அந்தச் சொல்லைத் தேடி எடுத்து நர்ஸுக்குக் கொடுத்திருக்கிறோம். அரசாணையில் அது இருக்கிறது, வார்டில் கூப்பிடுவது இன்றும் சிஸ்டர்தான்.

தீட்டு மட்டும் காரணமில்லை. கல்யாணம் ஆகாத பெண் வீட்டை விட்டு ஹாஸ்டலில் தங்குவது, ராத்திரி டியூட்டி பார்ப்பது, அந்நிய ஆண்களைத் தொடுவது. எந்தப் பெற்றோரும் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். அதனால்தான் இந்தியாவில் நர்ஸிங்குக்கு முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள், மிஷன் விடுதிகளில் வளர்ந்தவர்கள், விதவைகள். சாதி அடுக்கில் மேலே இருந்த இந்துக் குடும்பங்களும் வசதியான முஸ்லிம் குடும்பங்களும் தள்ளியே நின்றன.

ஐடா நர்ஸிங் பள்ளி தொடங்கியது இப்படிப்பட்ட ஊரில்தான். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-லேயே பயிற்சி தொடங்கிவிட்டது. ஆகவே வேலூர் முதல் பள்ளி இல்லை. ஆனால் மிஷன் மருத்துவமனை ஒன்றில், உள்ளூர்ப் பெண்களை வைத்து, முறையான பயிற்சி என்பது பெரிய விஷயம். பள்ளிப் பொறுப்பை ஏற்றவர் டெலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்ஸ். ஐடாவின் பெயர் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அதே 1909-ல்தான் ஐடாவுக்கு ஒரு பெஜோ கார் வந்தது. அதில் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம் பார்த்தார்கள். கார் சத்தத்தில் ஜனங்கள் ஓடிய கதையெல்லாம் சுவாரஸ்யமானது. ஆனால் அந்தப் பயணங்களிலும் கண் கழுவியது, புண்ணுக்கு மருந்து வைத்தது பெரும்பாலும் கூடப் போன உதவியாளர்கள்தான்.

டாக்டர் பள்ளிக்கு முண்டியடித்த கூட்டம்

1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்க ஐடா அனுமதி கேட்டபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று அரசு மருத்துவத் துறைத் தலைவர் நினைத்தார். நடந்தது வேறு. இடத்தைவிட அதிகமாக விண்ணப்பங்கள் குவிந்தன, பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 12-ம் தேதி கவர்னர் பென்ட்லண்ட் பிரபு வந்து திறந்துவைத்தார். ஆண்கள் பள்ளிகளிலேயே பாஸ் ஆகிறவர்கள் குறைவு, பெண்களிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். தேர்வு எழுதிய 14 பெண்களும் பாஸ்.

கொண்டாட வேண்டிய கதைதான். ஆனால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண் டாக்டராகலாம் என்றதும் குடும்பங்கள் வந்தன. ஹாஸ்டல் இருந்தது, ராத்திரி டியூட்டி இருந்தது, அந்நியர் உடம்பைத் தொடுவதும் இருந்தது, ரத்தமும் சீழும் இருந்தன. நர்ஸிங்கில் இடித்த எல்லாமே இங்கேயும் இருந்தன. அப்படியென்றால் பிரச்சினை தீட்டு மட்டும் இல்லை. உத்தரவு போடும் இடத்தில் இருந்தால் அதே தீட்டு மன்னிக்கப்படுகிறது.

சட்டமும் அப்படியே நடந்துகொண்டது. டாக்டர்களைப் பதிவு செய்ய சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1914-ல். நர்ஸ்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் 1926-ல். இடையில் 12 ஆண்டுகள், நர்ஸ் என்றால் யார் என்று சட்டத்துக்கே தெரியாது.

இதன் விலை எவ்வளவு என்பது 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கையில் தெரிந்தது. ஜோசப் போர் தலைமையில் பிரிட்டிஷ் இந்தியாவின் சுகாதார நிலைமையை ஆராய்ந்த குழு அது. கணக்கு இதுதான்: நாடு முழுக்க டாக்டர்கள் சுமார் 47,500. நர்ஸ்கள் சுமார் 7,000. அதாவது 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். ஒரு மருத்துவமனையில் டாக்டரைவிட நர்ஸ் பல மடங்கு இருக்க வேண்டும் என்பது சாதாரண அறிவு. இங்கே தலைகீழாக, ஒரு நர்ஸுக்கு கிட்டத்தட்ட ஏழு டாக்டர்கள். மதிப்பில்லாத வேலைக்கு ஆள் வராது, ஆள் வராவிட்டால் நோயாளி சாவான். அந்த அறிக்கையிலேயே நர்ஸ்களின் சம்பளமும் தங்குமிடமும் எவ்வளவு மோசம் என்று எழுதியிருக்கிறார்கள்.

சர்டிபிகேட்டிலிருந்து டிகிரிக்கு

1937-க்குப் பிறகு சென்னை மாகாண அரசு, எல்.எம்.பி. டிப்ளமோ இனி போதாது, டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். என்று முடிவெடுத்தது. வேலூர் பள்ளி மூடப்படும் நிலை. எழுபது வயதில் ஐடா அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி கேட்டார். 1942-ல் சென்னைப் பல்கலைக்கழக அங்கீகாரம் கிடைத்தது. 1947-ல் ஆண் மாணவர்களும் வந்தார்கள்.

இதற்கு நடுவில், அதிகம் பேசப்படாத ஒன்று நடந்தது. 1946-ல் வேலூர் நர்ஸிங் பள்ளி கல்லூரியானது. பி.எஸ்சி. நர்ஸிங், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். டெல்லியில் இதே ஆண்டு தொடங்கிய கல்லூரியோடு சேர்த்து, இந்தியாவின் முதல் நர்ஸிங் டிகிரி இதுதான். பட்டம் என்பது வெறும் காகிதம் இல்லை. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இருந்தால்தான் பேச்சுக்கு மதிப்பு. நர்ஸுக்கு அந்த எழுத்து கிடைக்க, டாக்டர் படிப்புக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்தங்க வேண்டியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் 1835. அதே 1946-ல் ஐடா ஓய்வு பெற்றார்.

ஐடாவைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட முடியாது. அவர் காலத்து மிஷன் மருத்துவமனைகள் நர்ஸிங்கைத் 'தொண்டு' என்ற வார்த்தையில் வைத்துத்தான் பார்த்தன. அர்ப்பணிப்பு, தியாகம், சேவை. பெண்களை அந்த வேலைக்குக் கொண்டுவர, அவர்கள் குடும்பத்தைச் சமாதானப்படுத்த அந்த வார்த்தை உதவியது. பின்னாளில் அதுவே காலை வாரியது. தொண்டு செய்கிறவர் சம்பளம் பற்றிப் பேசலாமா என்ற கேள்வி டாக்டரிடம் யாரும் கேட்பதில்லை, நர்ஸிடம் கேட்கிறார்கள். சினிமாவும் இதைத்தான் காட்டியது. 'பாலும் பழமும்' படத்தில் சரோஜாதேவி நர்ஸ், சிவாஜி டாக்டர். நர்ஸ் தியாகமே உருவானவர், டாக்டருக்கு மனைவியாகிறார், டாக்டரின் ஆராய்ச்சிக்காகத் தன்னையே விட்டுக்கொடுக்கிறார். படம் நல்ல படம்தான், 1961-ல் அமோகமாக ஓடியது. ஆனால் நர்ஸுக்குத் தனியாக ஒரு ஆசை இருக்கலாம் என்று அந்தக் கதைக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கு என்ன நிலைமை?

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க முடிகிறது. இதற்காக ஒரு நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்று ஷிப்ட் முறை கொண்டுவந்தார்கள். ராத்திரி ஒரு மணிக்கு வலி வந்து போகும் பெண்ணை முதலில் பார்ப்பது நர்ஸ்தான். திண்டிவனத்தில் அந்த மூன்று ஆண்கள் தேடி வந்த ஆள் இவர்தான். கிராமங்களில் கர்ப்பத்தைப் பதிவு செய்வதும், புதன்கிழமை தடுப்பூசி போடுவதும் கிராம சுகாதார செவிலியர். ஊரில் அவருக்கு 'நர்சம்மா' என்று பேர், இந்தப் பட்டியலில் கொஞ்சம் மரியாதையோடு கூப்பிடப்படுகிறவர் இவர் ஒருவர்தான்.

2015-ல் தமிழ்நாடு அரசு தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை ஒப்பந்த முறையில் எடுத்தது. மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். அப்போதும் ஒரு தரப்பிலிருந்து வந்த விமர்சனம், நோயாளிகளை விட்டுவிட்டுப் போராடலாமா என்பது. 2020-ல் கொரோனா வந்தபோது மாடியில் நின்று கை தட்டியவர்களில் அவர்களும் இருந்திருக்கலாம்.

சிதம்பரம் பக்கம் படித்த பெண்கள் இப்போது நர்ஸிங்குக்கு நிறையவே வருகிறார்கள். அண்ணாமலை நகரில் மெடிக்கல் காலேஜும் இருக்கிறது, நர்ஸிங் கல்லூரியும் இருக்கிறது. லால்பேட்டை மாதிரி வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஊர்களில், நர்ஸிங் படித்தால் வெளிநாடு போகலாம் என்பது பெரிய ஈர்ப்பு. மரியாதை வராவிட்டாலும் விசா வரும் என்ற கணக்கு. அதைத் தப்பு என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஐடா ஸ்கடர் 1960 மே 24-ம் தேதி கொடைக்கானலில் இறந்தார், 89 வயது. உடலை வேலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். சி.எம்.சி. வாசலில் ஓடும் சாலைக்கு ஐடா ஸ்கடர் ரோடு என்று பெயர். சாலமி பெயரிலோ டெலியா ஹௌட்டன் பெயரிலோ ஒரு சாலை கேட்டு வேலூர் ஆட்டோக்காரரிடம் வழி விசாரித்தால், அவர் உங்களைத் திரும்ப இங்கேதான் கொண்டுவந்து இறக்குவார்.